பிளந்து வந்த கட்டி

நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. இலங்கைத்துறை என்ற கரையோர ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குச் சில வாரங்களாக மலம் கறுப்பாகப் போனது. இரத்தம் குறைந்து ஒருநாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தார்.
2. அந்தப் பக்கத்தில் சில மாதங்கள் தங்கியிருந்த ஒரு வெளிநாட்டுச் சத்திரசிகிச்சைக் குழு வயிற்றைத் திறந்து, இரைப்பைச் சுவரில் வளர்ந்திருந்த ஒரு கட்டியை எடுத்தது.
3. கட்டியை, அழுகாமல் காக்கும் போமலின் திரவம் ஊற்றிய போத்தலில் போட்டு, நகரத்து ஆய்வுகூடத்தில் சேர்க்கும்படி அவருடைய அண்ணனிடம் கொடுத்தார்கள்.
4. சோதனைச் சாவடியில் போமலினை ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினார்.
5. மூதூரிலிருந்து நகரத்துக்குக் கடல்வழியாக ஆட்களை ஏற்றிவரும் லோஞ்ச் இரண்டு நாட்கள் ஓடவில்லை.
6. மூன்றாம் நாள் காலை அவர் கட்டியை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து என்னிடம் தந்தார்.
7. நான் பதிவேட்டில் "கட்டி பிளந்த நிலையில் கிடைத்தது" என்று எழுதினேன்.
8. அந்த வரியையும் சேர்த்து முதல் அறிக்கை போனது.
9. அறிக்கையைக் கேட்ட அந்தப் பெண், தன் எட்டு வயது மகளை நகரத்து விடுதி ஒன்றில் சேர்க்க விண்ணப்பப் படிவம் வாங்கினார்.

ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் இன்னொன்றும் நடந்தது. அதை யாரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. அதனால்தான் ஏழாவதும் எட்டாவதும் ஒன்பதாவதும் நடந்தன. ஏழாவது என் கையெழுத்து.

அப்போது நான் ஆய்வுகூடத்தில் சேர்ந்து இரண்டு வருடங்களும் சில மாதங்களும் ஆகியிருந்தன. வீடு நகரத்திலேயே, ஓர்ஸ் ஹில்லில், வேலைக்குச் சைக்கிளில் பத்து நிமிடம். வழியில் பாதை மறிப்பு இருந்தால் நாற்பது நிமிடம். உடலிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டு வரும் இழையங்களை வாங்கிப் பதிவது என் முதல் வேலை. டொக்டர் அவற்றைப் பார்த்து வெட்டித் தரும் சிறு துண்டுகளை மெழுகில் புதைப்பேன். பிறகு மெழுகுக் கட்டையை இயந்திரத்தில் பூட்டி, வெங்காயச் சருகைவிட மெல்லிதாகச் சீவி, கண்ணாடியில் ஏற்றி நிறமூட்டுவேன். அதை நுணுக்குக்காட்டியில் வைத்து நோய்க்குப் பெயர் சொல்வது டொக்டர். அவர் ஐம்பதை நெருங்கிய பெண், அதிகம் பேசமாட்டார். மூன்று பேர் செய்யவேண்டிய வேலையை நாங்கள் இருவரும் செய்துகொண்டிருந்தோம்.

எங்கள் மாவட்டத்தில் மாதிரிகளை உறவினர்தான் கொண்டுவருவார்கள். அம்புலன்ஸ் ஆட்களுக்கே போதாதபோது போத்தலுக்கு எங்கே போவது? கணவன் மனைவியின் பித்தப்பையை ஜாம் போத்தலில் கொண்டுவருவார். மகள் தாயின் கர்ப்பப்பையைச் சாப்பாட்டுப் பைக்குள், சோற்றுப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துக் கொண்டுவருவாள். வாங்கும்போது நான் கேட்பவை நான்கு: பெயர், வயது, எந்த ஆசுபத்திரி, எந்த உறுப்பு. கொண்டுவந்தவரிடம் வேறெதுவும் கேட்பதில்லை. அவர்கள் கையொப்பமிட்டுப் போய்விடுவார்கள்.

அந்தக் காலை வந்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க பெரிய உடம்புக்காரர். சேட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். வெள்ளை ரெஜிபோம் ஐஸ் பெட்டியை மடியில் வைத்தபடி வெளியே மர வாங்கில் இருந்தவர், நான் யன்னலைத் திறந்ததும் எழுந்தார்.

"மிஸ், இது என்ர தங்கச்சியின்ர சாமான். கவனமாக் கொண்டு வந்தனான்."

"போத்தல்ல மருந்துத் தண்ணி இருந்திருக்குமே அண்ணை, எங்கை?"

"ஆமிக்காரன் மூடியைத் திறந்து மணந்து பாத்தவன். கண்ணெரிஞ்சு போச்சு அவனுக்கு. இது என்ன குண்டுக்குப் போடுற சாமானோ எண்டான். ஊத்து எண்டான், ஊத்தினனான். வேறென்ன செய்ய ஏலும்?"

"பிறகு?"

"பிறகு ஐஸ். லோஞ்ச் விடேல்லை. ஜெட்டியில இருந்து மூண்டு தரம் ஐஸ் மாத்தினனான் மிஸ்."

கையொப்பமிட்டார். போகும்போது ஒருமுறை திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். தங்கையை நினைத்துப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

பெட்டி மீன் மணத்தது. எங்கள் ஊரில் மீன் மணக்காத ரெஜிபோம் பெட்டி எது? அதை நான் பொருட்படுத்தவில்லை. கூடவே வந்த படிவம் ஐஸ் தண்ணீரில் ஊறியிருந்தது. மேற்பாதியில் பெயரும் வயதும் தெரிந்தன. சத்திரசிகிச்சை செய்தவர் தான் கண்டதை எழுதும் கீழ்ப்பாதி முழுவதும் நீலக் கறை.

கட்டி ஒரு மாதுளம்பழத்தின் அளவு. ஒரு பக்கத்தில் இரைப்பைச் சுவரின் துண்டு ஒட்டியிருந்தது. மறுபக்கம் நீளவாட்டில் பிளந்து, விரித்த புத்தகம்போல் கிடந்தது. பிளவின் தொடக்கத்தில் ஆழமில்லாத இரண்டு கீறல்கள். உள்ளே வெள்ளையாக ஏதோ பொடி படிந்திருந்தது. ஐஸ் துகள் என்று எண்ணினேன். டொக்டரின் மேசைக்கு எதையும் அழுக்காக வைப்பது எனக்குப் பிடிக்காது. குழாயடியில் பிடித்து மெதுவாகக் கழுவினேன். துடைத்து, அளந்து, புதுப் போமலினில் போட்டு, பதிவேட்டில் அந்த வரியை எழுதினேன்.

டொக்டர் பார்த்தவுடன் கேட்டது அதைத்தான்.

"பிளந்திருக்கே. வயித்துக்குள்ளையே பிளந்ததோ? எடுக்கேக்க கத்தி பட்டதோ?"

"படிவத்தில ஒண்டும் வாசிக்க ஏலாது டொக்டர்."

"செய்த ஆக்களிட்டக் கேக்க ஏலாதோ?"

கேட்க இயலாதிருந்தது. அந்தக் குழு தன் தவணை முடிந்து நாட்டைவிட்டே போயிருந்தது. நோயாளியின் கையில் இருந்த அட்டையில் சத்திரசிகிச்சையின் பெயரும் திகதியும் மட்டுமே இருந்தன.

பிளவு ஏன் பெரிய விடயம் என்பதை இங்கே சொல்லவேண்டும். இந்த வகைக் கட்டி தன்னைச் சுற்றி ஒரு மெல்லிய உறையோடு வளரும். உறை முழுதாக இருக்க வெளியே எடுத்துவிட்டால் நல்லது. உடலுக்குள் இருக்கும்போதே உறை பிளந்தால், உள்ளே இருக்கும், கண்ணுக்குத் தெரியாத நோய்க் கலங்கள் வயிற்றறைக்குள் சிந்தும். சிந்தியவை குடலிலோ ஈரலிலோ ஒட்டிக்கொண்டு, சில மாதங்களிலோ சில வருடங்களிலோ மறுபடி வளரும். ஆகவே நோய் திரும்புமா என்று கணிக்கும்போது டொக்டர்மார் பார்ப்பவை: கட்டி எங்கே வந்தது, எவ்வளவு பெரிது, எத்தனை கலங்கள் பிரிந்துகொண்டிருக்கின்றன, உறை பிளந்ததா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் மற்ற மூன்றும் நல்லபடி இருந்தாலும் பெரிய பயனில்லை.

நுணுக்குக்காட்டியிலும் நல்ல செய்தி இல்லை. கலங்கள் கதிர்போல் நீண்டு, கட்டுக்கட்டாகக் கிடந்தன. அவற்றின் நடுவே இருக்கும் கருக்களில் பல சுருங்கிக் கறுத்துப்போயிருந்தன. பிரியும் கலத்தின் கருவும் கறுப்பாகத்தான் தெரியும். எது பிரிவது, எது பழுதானது என்று டொக்டர் இரண்டு நாட்கள் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிரிபவை எட்டு என்று எண்ணினார். "எனக்குத் திருப்தியில்லை, ஆனா குறைச்சு எழுத மனமில்லை" என்றார்.

முதல் அறிக்கை போனது: இரைப்பைச் சுவரில் வந்த கட்டி, பெரும்பாலும் இன்ன வகை, பிளந்த நிலை, திரும்பி வரும் ஆபத்து அதிகம். உறுதிப்படுத்த, கொழும்பில் புரதச் சோதனை தேவை.

நகரத்துச் சத்திரசிகிச்சைக் கிளினிக்கில் அதை அந்தப் பெண்ணுக்குச் சொன்னார்கள். அன்று மதியமே அவர் எங்கள் யன்னலடிக்கு வந்தார். முப்பத்துநான்கு வயது. வயிற்றுத் தையலில் ஒரு கையை வைத்தபடி நின்றார். அவருடைய கணவர் மூன்று வருடங்களுக்கு முன் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. தாயும் மகளும் அண்ணன் வீட்டு வளவுக்குள் ஒரு சிறு வீட்டில் இருந்தார்கள். இதையெல்லாம் கதைத்த முதல் இரண்டு நிமிடங்களில் அவரே சொல்லிவிட்டார், பெயர், வயது, உறுப்பு என்று நான் கேட்கும் ஒழுங்கைப் போலவே.

"பிள்ளை, எனக்கு ஒரு கேள்விதான். அது திரும்பி வருமெண்டால் எத்தினை மாசத்தில வரும்?"

"அது ஒருத்தராலும் சொல்ல ஏலாது அக்கா. வராமலும் விடலாம்."

"சரி, அப்பிடி இருக்கட்டும். பள்ளிக்கூடம் தை மாசம் துவங்குது. தைக்கு முந்தியோ பிந்தியோ? அது தெரிஞ்சால் எனக்குக் காணும்."

கையில் மடித்து வைத்திருந்த விடுதிப் படிவத்தை அப்போதுதான் பார்த்தேன்.

"மகளை விடப்போறீங்களோ?"

"நான் இருக்கேக்கையே அவள் அங்க பழகவேணும். ஞாயிறில வந்து பாப்பன். என்ன சாப்பிட்டனி, ஆர் அடிச்சவள் எண்டு கேப்பன். நான் போனாப் பிறகு கொண்டுபோய் விட்டால் அழுவாள். ஏன் அழுறாய் எண்டு கேக்க ஆள் இராது." படிவத்தை இன்னொரு மடிப்பு மடித்தார். "அவள் புளி விடாத சொதி குடியாள். அந்த விடுதியில தேசிக்காய்ப் புளி விடுவினமோ, தெரியுமோ உங்களுக்கு?"

எனக்குத் தெரியாது. விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

"கேட்டுச் சொல்லுங்கோ" என்றார். நோய் திரும்புமா என்று கேட்டபோது இருந்த அதே குரல்தான்.

கொழும்புக்கு அனுப்ப நல்ல துண்டு ஒன்று வேண்டும் என்று டொக்டர் சொன்னார். போமலினில் மீதியிருந்த கட்டியிலிருந்து, பிளவின் ஆழத்தில், இன்னும் மூன்று துண்டுகள் எடுத்தார். அவற்றை நான் மெழுகில் புதைத்தேன். மறுநாள் காலை இரண்டாவது கட்டையைச் சீவும்போது இயந்திரம் 'கரக்' என்றது. சீவலில் நேர்கோடாக ஒரு கிழிசல். கத்தி அலகைப் பார்த்தேன், விளிம்பு சிதைந்திருந்தது. அப்போது ஓர் அலகை நான்கு நாட்கள் வைத்துப் பாவிப்போம். எரிச்சலோடு இன்னொன்றை மாற்றிச் சீவி, நிறமூட்டி, வைத்துப் பார்த்தேன்.

இழையத்துக்கு நடுவே ஒரு தகடு. கண்ணாடிபோல் தெளிவாக, அடுக்கடுக்காக வரிகளோடு. மனித உடலில் அப்படியொன்று இல்லை. ஆனால் நான் அதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் குசினியில், கழுவும் தொட்டியின் ஓரத்தில், காய்ந்து ஒட்டிக் கிடக்கும்.

டொக்டரைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார்.

"செதிள்."

"ஓம் டொக்டர்."

"அவ மீன் சாப்பிட்டிருப்பா. இரைப்பை தானே."

"செதிளோட ஆர் டொக்டர் மீன் சாப்பிடுவினம்? அதுவும் அந்த ஊர் ஆக்கள்?"

டொக்டர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. இரைப்பையின் உட்பக்கத்தில் இருந்தால் ஒரு கதை. இது கட்டியின் நடுவில், பிளவின் அடியில். அங்கே ஒரு செதிள் போகவேண்டுமென்றால் அதைக் கொண்டுபோனது ஒரு கத்தியாக இருக்கவேண்டும். சத்திரசிகிச்சை மேசையில் செதிள் ஒட்டிய கத்தி இருக்காது.

நான் கழுவிவிட்ட வெள்ளைப் பொடி அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டொக்டரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "உப்பாயிருக்கும். கருக்கள் ஏன் அப்பிடிச் சுருங்கிக் கிடந்ததெண்டு இப்ப விளங்குது" என்றார். "ஆனா இது எங்கட ஊகம். அவர் கையால செய்ததெண்டு அவரே சொல்லவேணும். சொல்லாட்டி என்னால ஒரு சொல்லையும் மாத்த ஏலாது."

மெழுகுக் கட்டைகளைக் கொழும்புக்குக் கொண்டுபோக அண்ணன் வியாழக்கிழமை வருவதாக இருந்தது. வந்தார். அதே சேட்டு. நான் வெளியே போய் வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். யன்னலுக்கு உள்ளிருந்து கேட்கக்கூடிய கேள்வி அல்ல அது.

"அண்ணை, அந்தக் கட்டியை நீங்கள் வெட்டினீங்களோ?"

"ஆர், நானோ? நான் தொடேல்லை மிஸ்."

"உள்ளுக்கு மீன் செதிள் ஒண்டு கிடந்தது."

"பெட்டியில இருந்து ஒட்டியிருக்கும். மீன் பெட்டிதானே."

"பெட்டியில கிடந்த செதிள் ஒரு அங்குலம் உள்ளுக்குப் போகாது."

"உங்கட மெசின் மீனையும் காட்டுமோ?" என்று சிரிக்கப் பார்த்தார். "அப்ப எங்கட மீன் வாடிக்கு ஒண்டு வாங்கி வைக்கலாம். எது நேற்றையான், எது இண்டையான் எண்டு சண்டை வராது."

நான் சிரிக்கவில்லை. அவரைக் குற்றம் பிடிக்க வரவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், எனக்குத் தெரிந்த முறையிலேயே சொன்னேன். ஒன்று, கட்டி உங்கள் தங்கச்சியின் வயிற்றுக்குள் பிளந்திருந்தால் நோய் பெரும்பாலும் திரும்பும். இரண்டு, வெளியே எடுத்த பிறகு பிளந்திருந்தால் அதற்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை. மூன்று, அது எங்கே பிளந்தது என்று எங்களுக்குத் தெரியாததால் முதலாவது என்று எழுதியிருக்கிறோம். நான்கு, அதைக் கேட்டுத்தான் அவர் விடுதிப் படிவம் வாங்கி வைத்திருக்கிறார்.

அவர் சேட்டின் கழுத்துப் பொத்தானைக் கழற்றினார். பிறகு சொன்னார்.

"ரெண்டாம் நாள் மத்தியானம். மூதூரில என்ர சிநேகிதன்ர வாடியில நிண்டனான். லோஞ்ச் இண்டைக்கும் இல்லையெண்டிட்டாங்கள். மூடியைத் திறந்து பாத்தன், மணம் மாறத் துவங்கிட்டுது. ஐஸ் வெளியாலதானே நிக்குது, உள்ளுக்குக் குளிர் போகேல்லை. பெரிய பாரை மீன் எண்டாலும் கீறி உள்ளுக்கு வைக்காட்டி நடுவில இருந்துதான் பழுதாப் போகும். இவ்வளவு பாடுபட்டு எடுத்ததை அழுகலாக் கொண்டுபோய்க் குடுத்தால் நீங்கள் என்னத்தைப் பாக்கிறது? அதுதான் கீறினன். ரெண்டு பிடி உப்பு. பிறகு ஐஸ்."

"கத்தி?"

"என்ர கத்திதான். கழுவினனான் மிஸ். கடல் தண்ணியில."

"கீற முதல் அது முழுசா இருந்ததோ? எங்கையாவது கிழிசல், ஓட்டை?"

"முழுசு. முட்டை மாதிரி. ஒரு பக்கம் வயித்துத் துண்டு நூலோட ஒட்டியிருந்தது. மற்றப் பக்கம் வழுவழுப்பு."

"நிச்சயமாத் தெரியுமோ?"

இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவருக்குக் கோபம் வந்தது. "பத்து வயசில இருந்து மீன் கையில பிடிக்கிறன். தோல் கீறினதோ கீறாததோ எண்டு எனக்குத் தெரியாதோ?"

"அண்டைக்கே ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"என்னெண்டு சொல்லுறது?" குரல் தணிந்திருந்தது. "அது அவளின்ர தசை. மீன் வெட்டுற கத்தியால வெட்டினன் எண்டு ஒரு படிச்ச பிள்ளைக்கு முன்னால நிண்டு என்னெண்டு சொல்லுறது?"

டொக்டர் வந்து அதே வாங்கில் மறுபக்கம் இருந்து அவர் சொன்னதை மறுபடி முழுவதும் கேட்டு எழுதினார். வாசித்துக் காட்டினார். அவர் கையொப்பமிட்டார். நாங்கள் வெட்டு விளிம்பையும் மீண்டும் பார்த்திருந்தோம். உயிருள்ள உடலில் பட்ட வெட்டில் காணும் இரத்தக் கசிவு இல்லை, உடல் எதிர்த்து நின்ற அடையாளம் இல்லை. விளிம்பில் ஒரு மெல்லிய பட்டை மட்டும் உப்பில் வற்றியிருந்தது. அவர் சொன்னதும் கண்ணாடியில் தெரிந்ததும் பொருந்தின.

"ஐஸும் அந்தக் கீறலும் இல்லாட்டி நடுப்பகுதி அழுகியிருக்கும்" என்று டொக்டர் அவரிடம் சொன்னார். "நீங்கள் செய்ததால எங்களுக்குப் பாக்க ஏதோ மிஞ்சினது. சொல்லாமல் விட்டதுதான் பிழை. கேக்காமல் விட்டது எங்கட பிழை."

"தங்கச்சிக்குத் தெரியத்தான் வேணுமோ?"

"அறிக்கை அவவுக்கு உரியது. நாங்கள் மறைக்க மாட்டம். நீங்கள் முதல்ல சொன்னால் நல்லம்."

அன்று கிளினிக் நாள். தங்கை மாமர நிழலில் இருந்தார். அண்ணன் போய்ப் பக்கத்தில் நின்றார். நான் என் யன்னலுக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அவர் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, மறுபடி தொடங்குவது தெரிந்தது. தங்கையின் குரல்தான் முதலில் கேட்டது.

"உப்புமோ?"

"ரெண்டு பிடிதான்."

"மிளகாய்த்தூள் போடேல்லையோ? வெயிலில காய வைக்கேல்லையோ? வைச்சிருந்தால் சந்தையில ஒரு விலைக்குப் போயிருக்குமே."

"பேசாதை. சனம் பாக்குது."

"என்ர வயித்துக்க இருந்ததை வெட்ட உனக்குக் கை நடுங்கேல்லையோ?"

"நடுங்கினது" என்றார் அண்ணன். "ரெண்டு தரம் வைச்சு எடுத்திட்டு, மூண்டாந்தரந்தான் கீறினன்."

அவர் அண்ணனின் கையை எட்டிப் பிடித்து, பிடித்த பிடியில் தன் பக்கத்தில் இருத்தினார். பிளவின் தொடக்கத்தில் இருந்த அந்த இரண்டு கீறல்களையும் நான் மில்லிமீற்றரில் அளந்து பதிந்திருந்தேன். அவை என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அடுத்த நாள் அண்ணன் கட்டைகளோடு கொழும்புக்குப் பஸ் ஏறினார். சாவடிகளில் காட்டுவதற்கு மூன்று மொழியிலும் கடிதம் எழுதிக் கொடுத்தேன். "இதுக்கு ஐஸ் வேணுமோ மிஸ்?" என்று கேட்டார். "வேண்டாம் அண்ணை. வெயிலில மட்டும் வையாதேங்கோ, மெழுகு உருகிப்போகும்." கட்டைகளைச் சேட்டின் உட்பக்கத்தில் வைக்கப் போனார். உடம்புச் சூடும் வேண்டாம் என்று சொல்லிப் பையில் வைக்கச் சொன்னேன்.

சோதனைகள் இரண்டு. முதலாவது, சீ.டி. 117 என்ற புரதம். இந்த வகைக் கட்டியின் கலங்களின் மேற்பரப்பில் அது இருக்கும். கலத்துக்கு 'வளர்' என்று சொல்லும் ஆளி, அதாவது சுவிட்ச் அது, நிறுத்த முடியாதபடி போட்டபடியே நின்றுவிட்ட ஆளி. அது இருந்தால் கட்டி எந்த வகை என்பது உறுதி. இன்னும் முக்கியமாக, அந்த ஆளியை அணைக்கும் மருந்துக் குளிசை சில வருடங்களுக்கு முன் வந்திருந்தது. நோய் திரும்பினாலும் கையில் ஒரு வழி இருக்கும். இரண்டாவது புரதம் கலம் பிரியத் தயாராகும்போது மட்டும் கருவுக்குள் தோன்றுவது. உப்பில் சுருங்கிக் கறுத்த கரு பிரியும் கருவைப் போல நடித்து நுணுக்குக்காட்டியை ஏமாற்றலாம். ஆனால் இந்தப் புரதத்தின் நிறம் அதில் ஏறாது.

போமலின் இல்லாத இரண்டு நாட்கள், உப்பு, ஐஸ். இத்தனைக்கும் பிறகு புரதம் மிஞ்சியிருக்குமா என்பதுதான் எங்கள் பயம். மூன்று வாரங்களில் கண்ணாடிகள் வந்தன. முதலாவதில், வெட்டு விளிம்பு வெளிறிக் கிடக்க, அதற்கு உள்ளே முழுவதும் புரதம் இருப்பதைக் காட்டும் கபிலநிறம், கலத்துக்குக் கலம். இரண்டாவதில் தேடித்தான் ஒரு புள்ளி, இன்னொரு புள்ளி. டொக்டர் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தன் பழைய எண்ணிக்கையைத் திரும்ப எண்ணினார். எட்டில் ஐந்து, உப்பு செய்த கறுப்பு. மூன்றுதான் உண்மையாகப் பிரிந்தவை.

திருத்திய அறிக்கையில் ஆபத்து 'நடுத்தரம்' என்று இறங்கியது. இரைப்பையில் வந்தது என்பதால் அதற்குள்ளும் நல்ல பக்கம். பிளவு என்ற இடத்தில் டொக்டர் எழுதியது: உடலிலிருந்து அகற்றப்பட்டபோது உறை முழுதாக இருந்தது. பின்னர், பழுதாகாமல் காப்பதற்காக, கொண்டுவந்தவரால் வெட்டப்பட்டது.

டொக்டர் அதை அந்தப் பெண்ணுக்கு வாசித்து விளக்கியபோது நான் கூட இருந்தேன்.

"அப்ப இனி வராது எண்டு எழுதித் தருவீங்களோ?" என்று கேட்டார்.

"எழுத மாட்டன். வந்தால் என்ன செய்யலாம் எண்டு எழுதித் தாறன். ஆறு மாசத்துக்கு ஒருக்கா ஸ்கான் எடுக்கவேணும். நாள் கடத்தக் கூடாது."

"தைக்கு முந்தி?"

"தைக்கு முந்தி ஒண்டும் வராது. அது நான் சொல்லுவன்."

அவர் தலையை ஆட்டினார். முகம் பெரிதாக மாறவில்லை. எழுந்து, தையலில் கை வைக்காமல், கதவுவரை நடந்தார். என் பக்கம் திரும்பி, "பிள்ளை, அந்த விடுதியில கேட்டீங்களோ?" என்றார்.

"கேட்டனான் அக்கா. புளி விடுறேல்லையாம்."

"நினைச்சன்" என்றார். "அப்ப அவள் என்னோடயே இருக்கட்டும்."

அதற்குப் பிறகு என் பதிவேட்டில் நான்கு கேள்விகள் ஏழாயின. வழியில் எத்தனை நாள் ஆனது, எதில் வைத்திருந்தீர்கள், யாராவது திறந்தார்களா அல்லது வெட்டினார்களா. கேட்கும்போது யன்னலுக்கு வெளியே போய்க் கேட்கிறேன். பலரும் ஏதோ ஒன்று செய்திருக்கிறார்கள் என்பது கேட்ட பிறகுதான் தெரிந்தது. ஒருவர் சாராயம் ஊற்றியிருந்தார். ஒரு தாய் தன் பிள்ளையின் கட்டியைச் சுற்றி வேப்பிலை வைத்திருந்தார். எல்லாரும் அதைக் காப்பாற்றத்தான் பார்த்தார்கள்.

சில மாதங்களில் சண்டை அந்தக் கரையோரத்துக்கு வந்தது. ஊர் வெறுமையாகி, குடும்பங்கள் தெற்கே நடந்தன. ஏறத்தாழ ஒரு வருடம் அவர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு ஸ்கான் தவறிப்போனது. பிறகு மட்டக்களப்புப் பக்கத்து முகாம் ஒன்றிலிருந்து, அங்குள்ள தாதி ஒருவரின் கையெழுத்தில், எங்கள் அறிக்கையின் பிரதி கேட்டுக் கடிதம் வந்தது. அனுப்பினேன்.

இதை எழுதும்போது நிலை இது. மூன்று ஸ்கான்கள் எடுத்தாயிற்று, மூன்றிலும் ஒன்றுமில்லை. அவர் குளிசை எதுவும் எடுக்கவில்லை, தேவைப்படவில்லை. அண்ணனுக்கு இப்போது படகு இல்லை. அவர் முகாமில் தண்ணீர்த் தாங்கி நிரப்பும் வேலையில் இருக்கிறார். மகளுக்குப் பத்து வயது. தாயோடு ஒரே கூடாரத்தில் இருந்து முகாம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். நான்காவது ஸ்கான் பங்குனியில். பாதை திறந்திருக்குமா என்று இன்னும் தெரியவில்லை.